கைராசிக்காரி

வாயை இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க சார் என்கிறாள் டாக்டர், அவர் திறக்கிறார், நானும் திறக்கிறேன். சட்டென்று மூடிக்கொண்டு அக்கம்பக்கம் பார்க்கிறேன், நல்லவேளை, நர்ஸ் பெண் திரும்பி நின்று பஞ்சு உருட்டிக்கொண்டிருக்கிறது. பேரன் எடுத்த பொம்பளை பல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சும்மா வாயைப் பிளந்தால் என்ன நினைப்பார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துக்கறனுங்க என்று சொல்லத்தான் செய்தேன், "உள்ள வந்து உக்காரு, டாக்டர் என்ன சொல்றாங்கன்னு நீயும் கேட்டுக்கோ" என்றார் இவர், அதாவது பயம், ஊசிக்குப் பயம், வீட்டுக்காரியிடம்கூட அதைச் சொல்லமாட்டார். அதனால் அவர் மல்லாந்து கிடக்கிற நாற்காலியின் கால்மாட்டில் ஒரு ஸ்டூலில் நான். கண்ணை மூடிக்கொள்ளலாம், பார்க்காவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது, ஆனால் இந்த இடத்தில் கண்ணை மூடினால் மெஷின் சத்தம் உள்ளே படம் போட ஆரம்பித்துவிடும், அது இன்னும் மோசம், பார்த்தால் எங்கே தொடுகிறார்கள் என்றாவது தெரியும். ஊசி இறங்குகிறது. எதிரில் உட்கார்ந்தால் எனக்கு இடம் வலம் மாறிவிடும், அவருடைய வலது கடைவாயில் குத்தினால் என்னுடைய இடது கடைவாயில். சுருக்கென்று ஈறுக்குள் நுழைந்து, நின்று, மெதுவாக வெளியே வருகிறது. "அவ்வளவுதான் சார், இனி உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது" என்கிறாள். தெரியாதுதான். மருந்து அவர் ஈறுக்குள் போயிருக்கிறது, எனக்குக் குத்து மட்டும்தான் வந்தது, மருந்து வரவில்லை. இனி அந்தப் பல்லை என்ன செய்தாலும் அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான்.

மரக்கட்டும் என்று டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனைப் பார்க்கிறாள். ஷபானா என்று வாசலில் பலகை, எங்கள் மகள் ரேணுகா வயதுதான் இருக்கும். நான் அவர் செருப்பில்லாத பாதங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு நங்கையாளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கப்போகிறார்கள், இவருடைய அக்கா, பழனாத்தாள். கை கால் இழுத்துக்கொண்டு பேச்சும் போய் தாராபுரத்தில் மகன் சிவராஜ் வீட்டில் கிடக்கிறாள். சிவராஜ் கேட்டானாம், இவர் சரி என்று சொல்லிப்போட்டாராம், "நம்ம நாயகி பாத்துக்குவா, அவ கைராசிக்கு எந்திரிச்சு நடந்தாலும் நடந்துருவா" என்று போனில் சொன்னதைச் சமையலறையில் நின்று கேட்டேன். என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மாட்டேன் என்று ஒரு வார்த்தை, ராத்திரி சாப்பாடு போடும்போது சொல்லலாம் என்று நினைத்தேன், காலையில் காப்பி கொடுக்கும்போது, ஆட்டோவில் வரும்போது, ஒவ்வொரு தடவையும் தொண்டைக்கு வந்து நின்றுகொண்டது. இன்றைக்குச் சொல்லாவிட்டால் அப்புறம் சொல்லி என்ன பிரயோசனம், ஆளைக் கட்டிலில் படுக்க வைத்த பிறகு வாயைத் திறந்தால் நான் மனுஷியா என்று கேட்பார்கள்.

"வலியெல்லாம் மனசுலதான் இருக்குது." இது இவருடைய மந்திரம். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், ஓய்வு பெறுகிறவரைக்கும் விசிலும் பிரம்புமாக இருந்தவர். ஒருமுறை விளையாட்டு விழாவுக்கு என்னையும் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார், வரிசை கலைத்த ஒரு பையனைக் கூப்பிட்டு அத்தனை பேர் முன்னால் கையை நீட்டச் சொல்லி வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், ஹெட்மாஸ்டர் சம்சாரம் பாத்துக்கிட்டே இருந்துச்சு, உன்ற நடிப்பையெல்லாம் வூட்டுக்குள்ள வெச்சுக்கோ என்றார். நடிப்பு. கல்யாணமான புதிதில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், இப்படி இப்படி இருக்குதுங்க, ஒருத்தரைக் கிள்ளினா எனக்குக் கிள்ளுதுங்க என்று. சிரித்தார். சிரித்ததோடு நிறுத்தாமல் அக்காவிடம் போய்ச் சொன்னார். நங்கையாளுக்கு அது நல்ல வேடிக்கையாகப் போயிற்று. வீட்டுக்கு யார் வந்தாலும், எங்க தம்பி பொண்டாட்டிகிட்ட ஒரு வித்தை இருக்குது பாருங்க என்று சொல்லி, மடியில் இருக்கிற சிவராஜின் தொடையை நறுக்கென்று ஒரு கிள்ளு. குழந்தை வீல் என்று கத்தும், நான் காப்பித் தட்டோடு துள்ளுவேன், வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பெற்ற குழந்தையை. அதன் தொடையில் எப்போதும் ஒரு கன்றிப்போன தடம் இருக்கும். சீ, எனக்கு இந்த நிமிஷம்கூடத் தொடை எரிகிறது, இப்போது யாரும் யாரையும் கிள்ளவில்லை, நினைத்தாலே வந்துவிடுகிறது.

"மரத்திருச்சா சார்?" ஆட்டுகிறார் தலையை. மெஷின் கிறீச்சென்று ஆரம்பிக்கிறது. பல்லின் தலையைக் குடைகிறாள், எனக்கு இடது காதுவரைக்கும் ஒரு கம்பி போகிறது, கம்பி அல்ல, சூடு, இல்லை, எதுவென்று சொல்லத் தெரியவில்லை. கன்னத்தில் கையை வைத்து அழுத்திக்கொள்கிறேன். அவர் நிம்மதியாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார், வயிற்றின் மேல் கைகளைக் கோத்துக்கொண்டு. மாமனாரும் இப்படித்தான் கைகளைக் கோத்துக்கொள்வார், வலி இல்லாதபோது. தொண்டையில் புற்று, குரல் போய்விட்டது, கழுத்தில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிப் புண். நர்ஸ் வந்தால் பிளாஸ்திரியை ஒரே இழுப்பாக இழுப்பாள், அவர் கட்டிலில் எம்புவார், வாசலில் நிற்கிற என் கழுத்துத் தோல் உரியும். நானே பண்ணிக்கறனுங்க என்று வாங்கிக்கொண்டேன். வெந்நீரில் துணியை நனைத்து வைத்து, ஊறவிட்டு, ஓரத்திலிருந்து நூல் நூலாக எடுப்பேன். வேகமாக எடுத்தால் எனக்கு வலிக்கும், வேறொன்றும் இல்லை. அவர் எங்கே முகம் சுளிக்கப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்ததும் அதனால்தான். அவர் நான் இல்லாமல் யாரையும் கிட்டே விடவில்லை. பெத்த பொண்ணுகூட இப்படிப் பாக்காது என்று ஊரே சொன்னது. பெற்ற பெண், இதே நங்கையாள், வாசற்படியில் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்று எட்டிப் பார்த்துவிட்டு, சோறு ஆச்சா நாயகி என்று கேட்டாள். அவர் செத்த அன்று எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, தூக்கம்தான் வந்தது. அப்புறம் பொம்பளைகள் சுற்றி உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு அடியும் என் நெஞ்சில். நான் மாரைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தேன், தண்ணீர் தெளித்தார்கள், மருமகளுக்கு எத்தனை துக்கம் பாரு என்று அதற்கும் ஒரு பேர் வாங்கினேன்.

அன்றிலிருந்து பிடித்தது இந்தக் கைராசி. இவ தொட்டா நோவு தெரியறதில்லை. உறவில் எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி என்றாலும் நாயகி மடியில் வைத்துத்தான் போட வேண்டும், யாருக்குத் தீக்காயம் என்றாலும் நாயகி வந்து கட்டுப் பிரிக்க வேண்டும், தலைப்பிரசவமா, வலி எடுத்ததும் நாயகியைக் கூப்பிடு, அவ கையைப் பிடிச்சிட்டிருந்தாச் சுகப்பிரசவம். நான் பெற்றது ஒன்று, கூட இருந்து பெற்றது எத்தனையோ. போன் வந்தால் இவர்தான் எடுப்பார், அதுக்கென்னுங்க, அனுப்பி வெக்கறனுங்க என்பார், தன் வீட்டு ஏணியைக் கொடுத்தனுப்புகிற மாதிரி. நடிப்பு என்று சொன்ன அதே வாய். ஊருக்கு அது கைராசி, இவருக்கு அது நடிப்பு, இரண்டையும் ஒரே ஆள் எப்படி வைத்துக்கொள்கிறார் என்று ஒருநாளும் எனக்குப் புரிந்ததில்லை. கோயிலில் கிடாவெட்டு வந்தால் மட்டும் நான் போகமாட்டேன், தீட்டு என்பேன், தீட்டெல்லாம் நின்று எத்தனையோ வருஷம் ஆன பிறகும் தீட்டு என்பேன், யாரும் கணக்குப் பார்க்கவில்லை. என்ன செய்வது, ஒரு கூட்டமே கூடி நின்று பார்க்கிற இடத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் சாமி வந்துவிட்டது என்று குறி கேட்க வந்துவிடுவார்கள்.

இதில் பாசம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கிறேன். ரேணுகாவை நான் அடித்ததே இல்லை. பூ மாதிரி வளர்த்தாள் என்பார்கள். அடிக்கலாம் என்று கை ஓங்கிய நாட்கள் எனக்குத் தெரியும், அவள் கன்னத்தில் விழுந்தால் என் கன்னத்தில் விழும், அதனால் இறக்கினேன், அவ்வளவுதான். என் தோலைக் காப்பாற்றிக்கொண்டதற்குத் தாய்ப்பாசம் என்று பேர். அப்படியானால் நான் யார் மேலாவது ஆசை வைத்திருக்கிறேனா, ரேணுகா மேல்கூடவா இல்லை, இருக்கிறது, இருக்க வேண்டும், அவள் போனில் தும்மினால்கூட எனக்குக் கவலை வருகிறது, போனில் பார்க்க முடியாதே, அப்போது அது தோல் இல்லை அல்லவா. மெஷினை நிறுத்திவிட்டு மெல்லிய ஊசி ஒன்றைப் பல்லுக்குள் விட்டுச் சுழற்றுகிறாள், வேர்வரைக்கும் போகிறது, அம்மாடி. நல்லதாக எதையாவது நினைக்க வேண்டும். பஸ். ஒருநாள் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மா மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள், நுனியில் சிக்கு எடுத்து, மேலே வந்து, விரலால் வகிடு பிரித்து, உச்சியைத் தடவி. என் மண்டையெல்லாம் இதமாக இருந்தது. இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிற்று, தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். என் தலையை யார் அப்படிக் கோதினார்கள், இந்தக் கைராசிக்காரியின் தலையை. பிறத்தியார் வாங்குகிற தடவலில் கொஞ்சம் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் அதுவும் இருந்திருக்காது.

இவர் ஒரே ஒரு தடவை. அப்பளம் பொரிக்கும்போது கொதிக்கிற எண்ணெய் என் பாதத்தில் கொட்டிவிட்டது, இவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். சட்டென்று தன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். என்னை விட்டு இரண்டு ஆள் தூரத்தில் நின்றவர், அவர் கால் மேல் ஒரு துளியும் விழவில்லை. நான் வலியில் கத்திக்கொண்டே அதைப் பார்த்தேன். அடுத்த நிமிஷம், பாத்துச் செய்யக் கூடாதா என்று அதட்டினார், அது வேறு. ஆனால் காலை இழுத்தார். அதை வைத்துக்கொண்டு எத்தனை காலம் ஓட்டிவிட்டேன், உள்ளே ஏதோ இருக்கிறது, இருக்கிறது, என்றைக்காவது வெளியே வரும் என்று. எண்ணெயைக் கண்டு பயந்து இழுத்திருக்கலாம். எனக்காக இழுத்தாரா எண்ணெய்க்காக இழுத்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவா முடியும்.

"அம்மா, உங்களுக்கும் பல்லு வலியா?" திடுக்கிட்டுப் பார்க்கிறேன். டாக்டர் என்னைத்தான் கேட்கிறாள், என் கை கன்னத்தில், கண்ணில் தண்ணீர் நிற்கிறது போலிருக்கிறது. இல்லை கண்ணு என்கிறேன். "ஒண்ணுமில்லாமயா நான் இந்த ஊசியைச் சுத்தும்போதெல்லாம் நீங்க துடிக்கறீங்க? நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்." என்ன தோன்றியதோ, இவர் வாயில் பஞ்சும் குழாயும் இருக்கிற தைரியமோ, சொல்லிவிட்டேன். அவர் வாயில் குத்தினா எனக்கும் வாயில குத்துது கண்ணு, சின்ன வயசிலிருந்து இப்படித்தான், யாரைத் தொட்டாலும். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை, முகமூடியை இறக்கிவிட்டு என்னையே பார்த்தாள். "படிச்சிருக்கேம்மா. நிஜமாவே இருக்கு இது. அடுத்தவங்களைத் தொடறதப் பாத்தா நம்ம மூளையிலயும் அதே எடம் கொஞ்சம் முழிச்சுக்கும், எல்லாருக்குமே அப்படித்தான், ஆனா நம்மளத் தொடலைன்னு தெரிஞ்சு அடங்கிரும். உங்களை மாதிரி சில பேருக்கு அடங்கறதில்லை. பொய்யில்லை, வியாதியும் இல்லை." பொய்யில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த இவருடைய கண்கள் கீழே இறங்கி என் மேல் வந்து நிற்கின்றன. வாய் பிளந்தபடி, எச்சில் உறிஞ்சுகிற குழாய் கொறகொறவென்று சத்தம் போட, பதில் சொல்ல முடியாமல் கிடக்கிறார். அந்தக் கொஞ்ச நேரம் மாதிரி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததே இல்லை. எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும் என்றாளே, அப்படியானால் இவருக்கும் இருக்கும்.

பல்லை அடைத்தாகிவிட்டது. "மரப்பு போற வரைக்கும் எதையும் மெல்லாதீங்க சார், உதட்டைக் கடிச்சுக்கிட்டாக்கூட தெரியாது" என்று சொல்லி அனுப்புகிறாள். படியிறங்கினால் கீழேயே பேக்கரி, காலையிலிருந்து வெறும் வயிறு என்று நேராக உள்ளே போகிறார். டாக்டர் சொன்னாங்களே என்றேன், "பன்னு என்ன கல்லா" என்கிறார், வாயின் ஒரு பக்கம் தொங்குவதால் வார்த்தை வழுக்கி வழுக்கி வருகிறது. தேங்காய் பன், இரண்டு டீ. எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம். டீயை ஆற்றிக்கொண்டே, "அந்தப் புள்ள சொன்னது நெசமா?" என்று கேட்கிறார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை கேட்கிறார். "நெசந்தானுங்க. நான் எப்பவும் சொன்னது அதுதானுங்க." தலையை ஆட்டுகிறார், யோசிக்கிறார், கண்ணில் கேலி இல்லை. நம்பிவிட்டார். நங்கையாள் சங்கதியை இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொன்னால் புரியும், கை கால் இழுத்துக் கிடக்கிறவளை நான் எப்படிங்க என்று ஆரம்பிக்கப் போகிறேன், அவரே முந்திக்கொள்கிறார். "அப்ப நல்லதாப் போச்சு. அக்காளுக்குப் பேச்சு இல்ல. முதுகெல்லாம் படுக்கைப்புண்ணுன்னு சிவராஜ் சொல்றான், எங்க நோவுதுன்னு அவளால சொல்ல முடியாது. உனக்குத்தான் தெரிஞ்சிருமல்லோ."

நம்பியதும் எதற்காக என்று தெரிந்துவிட்டது. நடிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தபோதாவது எனக்கு வலிக்காது என்று நினைத்துக்கொண்டு அனுப்பினார். இப்போது வலிக்கும் என்று தெரிந்து அனுப்புகிறார். அவள் முதுகு முழுக்க என் முதுகில் வரும், புரட்டிப் போடும்போதெல்லாம் வரும், துடைக்கும்போதெல்லாம் வரும், அது இந்த மனுஷனுக்கு நல்லதாய்ப் போயிற்று. டீயை அவர் முகத்தில் ஊற்றினால் என்ன என்று தோன்றுகிறது, அதற்கும் வழியில்லை, என் முகம்தான் வேகும். அப்போது அவருடைய போன் அடிக்கிறது. சிவராஜ். எடுத்து ஏதோ சொல்லப் பார்க்கிறார், எச்சில் வழிகிறது, வார்த்தை குழைகிறது, எரிச்சலோடு போனை என்னிடம் நீட்டி, "நீ பேசு" என்கிறார்.

"அத்தை, நாளைக்குக் காலைல ஆம்புலன்ஸ் சொல்லிப்போட்டனுங்க. அம்மாவுக்குக் கட்டில் போட்டாச்சுங்களா?"

"கட்டில் போடலை கண்ணு. ஆம்புலன்ஸை வேண்டாம்னு சொல்லிப்போடு."

"ஏனுங்கத்தை, என்ன ஆச்சு?"

"உங்கம்மாவை என்னால பாக்க முடியாது. எங்கூட்டுக்குக் கொண்டுவராதே. ஆள் வெச்சுப் பாரு, இல்லாட்டி நீயே பாரு."

"மாமன்கிட்டக் குடுங்கத்தை."

"மாமனுக்கு வாய் மரத்துக் கெடக்குது. நாஞ்சொல்றதுதான்."

போனை அணைத்து மேஜையில் கவிழ்த்து வைக்கிறேன். அவர் வாய் நிறையப் பன்னை வைத்துக்கொண்டு என்னை முறைக்கிறார், விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், ஆத்திரத்தோடு மெல்லுகிறார். கீழுதடு பல்லுக்கு இடையில் மடிந்து உள்ளே போகிறது. கடிக்கிறார். என் கீழுதட்டில் பல் பதிகிறது. மறுபடி கடிக்கிறார், அதே இடத்தில், இன்னும் ஆழமாக. பன்னின் வெள்ளையில் சிவப்பு தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்து கன்னத்தில் இறங்குகிறது.

அவர் அதைப் பார்க்கிறார். முறைப்பு தணிகிறது. முகத்தில் ஒரு சிரிப்புகூட, பாதி முகத்தில். "பாத்தியா," என்கிறார், "உன்ற கண்ணுலயே தண்ணி வருது. வாயில வேண்டாமுன்னு சொல்லிப்போட்டு உள்ளுக்குள்ள அழுவற. உனக்கே மனசு கேக்குல. பொழுதெறங்கறதுக்குள்ள நீயே போன் போட்டு வரச்சொல்லுவ, உன்னை எனக்குத் தெரியாதா?"

உதட்டைக் கடிக்கிறீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நிறுத்திவிடுவார், என் வலியும் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டாலும் போதும். நான் மூடவில்லை. தட்டில் மிச்சம் இருந்த பன்னை அவர் பக்கம் நகர்த்துகிறேன்.

"சாப்பிடுங்க" என்கிறேன்.